லேடாங் மலையில் இரண்டு தகரம் தண்ணீர்

சர்வே ஆபீசில் வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள் போன மாதம் என்னைப் பார்க்கத் தம்போய் ஊரிலிருந்து வந்தார்கள். இப்போதெல்லாம் சிமெண்டும் கருவியும் ஹெலிகாப்டரில் போய் மலை உச்சியில் இறங்குகின்றனவாம். காலையில் போனவர்கள் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்களாம். "அந்தக் காலத்துல பொம்பளைங்கதான் சொமந்தாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? எழுதிக் குடுங்க, எங்க சங்கத்து மலர்ல போடுறோம்" என்றார்கள்.

நிஜம்தான். நான் சுமந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பெருமையாக ஏதாவது இருக்கும் என்று நினைத்துக் கேட்டார்கள். பெருமையும் கொஞ்சம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு வரும்.

கப்பலில் வந்து இறங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஜோகூரில், லேடாங் மலை அடிவாரத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட். முதலில் களை எடுத்தேன். பிறகு ரோட்டுக்குக் கல் சுமந்தேன். தலையில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு, ஆற்றின் மேல் போட்ட ஒற்றை மரத்தில் குடத்தைப் பிடிக்காமலே நடப்பேன். ஒரு சொட்டுச் சிந்தாது. "மாரியாயி கழுத்து தேக்கு மரம்டா" என்று ஆண்கள் பேசிக்கொள்வார்கள். என் காதில் விழவேண்டும் என்றே பேசுவார்கள். விழுந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருடங்களில் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகக் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் மலை அளக்கிற துரை ஒருவர் சுமை தூக்க ஆள் கேட்டு வந்தார். ஆட்களைப் பிடித்துக் கொடுத்தவர் தண்டல் பெருமாள். தண்டல் என்றால் கூலிகளை வேலை வாங்குகிறவர். அவரும் எங்கள் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், இருந்தவர்தான், நான் அண்ணே என்பேன். சிறு சிறு குன்றுகளில் என் வேலையைப் பார்த்துவிட்டு என்னைப் பெண்களுக்குத் தலைவி ஆக்கினார்கள்.

வேலை எப்படி என்று சொல்கிறேன். ஒரு மலை எவ்வளவு உயரம் என்று அந்த மலை மேலே நின்றால் தெரியாது. வேறு மலைகளைப் பார்த்து அளக்க வேண்டும். அங்கே நிற்கிறவனும் இங்கே பார்க்க வேண்டும். இதற்காக முதலில் காட்டை வெட்டி வழி உண்டாக்குவார்கள். உச்சியில் பார்வையை மறைக்கிற மரத்தையெல்லாம் சாய்ப்பார்கள். நாங்கள் கூடாரம், அரிசி, ஆற்று மணல், சிமெண்டு எல்லாம் மேலே சேர்ப்போம். கடைசியாக வருவது கருவிப் பெட்டி. அதைச் சாய்க்கக் கூடாது, இடிக்கக் கூடாது, துரை சொல்லாமல் தரையில் வைக்கக் கூடாது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை.

துரை மெலிந்த ஆள். சத்தம் போட மாட்டார். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். காலையில் முக்காலி மேல் கருவியை ஏற்றி, ஆட்டுத்தோல் துண்டால் அதன் கண்ணாடியைத் துடைப்பார். குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி இருக்கும். பிறகு "டியாம்" என்பார், அசையாதே என்று. மெதுவாகத்தான் சொல்வார். அதோடு யாரும் நடக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மலையில் தொடங்கி, சுற்றியுள்ள மலைகளையெல்லாம் வரிசையாகப் பார்த்து, திரும்பவும் தொடங்கிய மலையில் கொண்டுவந்து முடிப்பார். நடுவில் கருவி ஒரு நெல் அளவு அசைந்தாலும் பார்த்ததெல்லாம் வீண். அப்படி வீணானால் திட்ட மாட்டார். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

கருவி மேல் வெயில் படக் கூடாது. அதற்கு ஒருவர் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் குடையை என்னிடம் கொடுத்தார்கள். வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. இதுதான் என் பெருமை.

இனி தண்ணீர்.

எஸ்டேட்டில் மேல் லயத்துக்கு ஒரு குழாய், கீழ் லயத்துக்கு ஒரு குழாய். எங்கள் சாதிக்காரர்கள் மேல் லயம். கீழ் லயத்தார் தொட்ட தண்ணீரை நாங்கள் குடிக்க மாட்டோம். அவர்களுக்கு நாங்கள் கொடுக்க நேர்ந்தால், அவர்கள் குனிந்து கையேந்துவார்கள், நாங்கள் பாத்திரம் படாமல் மேலிருந்து ஊற்றுவோம். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை.

மலைக்கு இரண்டு லயத்துப் பெண்களும் வந்தோம். கீழ் லயத்தில் காத்தாயி என்று ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், வாய் நீளம், சுமையில் எனக்குக் குறைந்தவள் இல்லை. தலைவி ஆனதும் நான் போட்ட முதல் சட்டம் தண்ணீருக்குத்தான். எங்களுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், எங்கள் பெண்கள் சுமப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகரம், காத்தாயி சுமப்பாள். மணல், கூடாரம், துரையின் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் அவள் தொடலாம். எங்கள் தண்ணீரைத் தொடக் கூடாது. துரை இரண்டு தகரத்தையும் பார்த்துவிட்டு, ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்று முன்யோசனையாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பாகுஸ்" என்று என்னைப் பாராட்டினார். நல்லது என்று அர்த்தம். நானும் வாங்கிக்கொண்டேன்.

லேடாங் எங்கள் கண்ணுக்கு உலகத்திலேயே பெரிய மலை. பகாங் பக்கம் இதைவிட எவ்வளவோ பெரிய மலைகள் இருக்கின்றன, தாகான் என்று ஒன்று எல்லாவற்றுக்கும் மேல் என்று துரை சொன்னாராம். நாங்கள் நம்பவில்லை. ஜோகூரில் இதற்கு மேல் மலை இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று ஏறினோம். வழி காட்டியவர் பாக் சுலோங் என்ற மலாய்க்காரர், அடிவாரத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருப்பவர். தலையில் சும்மாட்டோடு நாங்கள் ஏறுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. பிரம்புக் கூடையை முதுகில் போட்டு, மரப்பட்டை வாரை நெற்றியில் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், வேரைப் பிடித்து ஏறலாம் என்றார். காத்தாயி அப்போதே கற்றுக்கொண்டாள்.

"கொரங்கு குட்டியச் சொமக்குற மாதிரி இருக்குடி" என்றேன். எங்கள் பெண்கள் சிரித்தார்கள்.

"குட்டி கீழ வுழாதுல்லங்கம்மா" என்றாள் அவள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சுவர் மாதிரி ஒரு பாறை. கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். ஊற்று அந்தப் பாறைக்கும் கீழே. மேலே சேர்ந்த மறுநாளே மேகம் வந்து மூடிக்கொண்டது. எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. பெரிய மழை பெய்திருந்தாலாவது கித்தானில் பிடித்திருக்கலாம். இது பாறையை வழுக்க வைக்கிற ஈரம், பாத்திரத்தை நிரப்புகிற மழை இல்லை. தண்ணீருக்குப் போன எங்கள் பவுனு, தலையில் தகரத்தோடு கயிற்றில் ஏறும்போது வழுக்கிவிட்டாள். அவளுக்குக் கணுக்கால் பிசகியதோடு போயிற்று. எங்கள் தகரம் பள்ளத்தில் உருண்டு போய்ச் சேர்ந்தது. அது போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இனிப் பாக் சுலோங்கும் காத்தாயியும் தவிர யாரும் கயிற்றில் இறங்கக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். கீழே போகிற வழி எங்களுக்கு அடைபட்டது.

காத்தாயி போய் வந்தாள். மறுபடியும் போய் வந்தாள். முதுகுக் கூடையில் தகரம், வாயை வாழை இலையால் கட்டியிருந்தாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. தகரத்தைக் கொண்டுவந்து எங்கள் கூடாரத்து வாசலில் வைத்தாள்.

"குடிங்கம்மா. எல்லாருக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன்."

"அங்கிட்டு வையி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இம்புட்டு ஒசரம் ஏறி வந்தும் லயத்த மட்டும் எறக்கி வைக்கல பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். துரை அதில் குடித்தார். பாக் சுலோங்கும் மற்ற மலாய்க்காரர்களும் குடித்தார்கள்.

பெருமாள் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "மாரியாயி, நீ ஒரு வாய் குடிச்சாத்தான் மத்ததுங்க குடிக்கும். குடிச்சுத் தொலையேன். இங்க யாரு பாக்கப் போறா?"

"நீங்க குடிச்சிட்டீங்களாண்ணே?"

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். ஈரமாகத்தான் இருந்தது.

"ஒங்க வீட்டுல சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. நான் குடிக்க மாட்டேன்" என்றேன்.

அந்த மலை மேலே ஒரு செடி உண்டு. இலை நுனியில் மூடி போட்ட சின்னக் குடுவை தொங்கும். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா என்பார்கள், குரங்குப் பானை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அதில் எறும்பும் கொசுவும் விழுந்து செத்துக் கிடக்கும். அந்தக் குடுவைகளைப் பறித்து, சேலைத் தலைப்பில் வடிகட்டி, எங்கள் பெண்களுக்குக் கொடுத்தேன். நானும் குடித்தேன். பாக் சுலோங் பதறி ஓடி வந்தார். குரங்குப் பானையைக் கவிழ்த்தால் மழை பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. காத்தாயி சும்மா நின்று பார்த்தாள்.

"கொசு முங்கிச் செத்த தண்ணி சுத்தம். நான் மொண்டு வந்தது தீட்டு. நல்லாத்தாங்கம்மா இருக்கு ஒங்க ஞாயம்."

"வேலையப் பாருடி" என்றேன். சோறு ஆக்கத் தண்ணீர் இல்லாமல் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். இரண்டாம் நாளே எங்கள் பெண்கள் எல்லாருக்கும் வயிறு கலங்கிவிட்டது.

அதற்கும் மறுநாள் விடிந்தபோது மேகம் இல்லை. துணியை உருவியது போல ஒரேயடியாகப் போயிருந்தது. மூவார் பக்கத்துக் கடல் தெரிந்தது. தெற்கே காடு காடாகப் போய் நீலமாக முடிந்தது. பத்து பஹாட் ஊர்ப்பக்கத்துப் பானாங் மலையிலிருந்து அங்கே நிற்கிற ஆட்கள் கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அடித்தார்கள். பகலில் முளைத்த வெள்ளி மாதிரி ஒரு பொட்டு. அதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் இத்தனை பாடு. துரை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டியாம்" என்றார்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடியும் முன்பே வயிற்றிலிருந்து எல்லாம் போயிருந்தது. என்னால் நிற்க முடியாது, வேறு ஆளை நிறுத்துங்கள் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் குடை காத்தாயி கைக்குப் போகும். எல்லாரிலும் திடமாக இருந்தது அவள்தானே. அதனால் சொல்லவில்லை.

துரை முதல் மலையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மலாய்க் குமாஸ்தா எண்ணைத் திருப்பிச் சொன்னார். அடுத்த மலை. அதற்கடுத்தது. பானாங் மலையின் பொட்டில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். எனக்குக் காதில் வண்டு பறந்தது. பல்லைக் கடித்தேன். இன்னும் ஒன்றே ஒன்று, தொடங்கிய மலைக்குத் திரும்பினால் முடிந்தது. துரை கருவியைத் திருப்பக் கை வைத்தார்.

குடை என் கையில் இல்லை என்பது அது விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கருவி மேல் விழுந்து அதை இழுத்துக்கொண்டே சாய்ந்தது. நானும் குடை மேலேயே விழுந்தேன். விழுந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். வேறு என்னென்னவும் ஆயிற்று. அதை எழுத மாட்டேன். அத்தனை ஆண்களும் பார்த்தார்கள் என்பது மட்டும் போதும்.

காத்தாயி ஓடி வந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி உடையவில்லை. ஆனால் பார்த்ததெல்லாம் போயிற்று. திரும்பக் கருவியை நிறுத்தி மட்டம் பார்ப்பதற்குள் மேற்கிலிருந்து மேகம் வந்தது. பானாங் மலையின் பொட்டு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது.

துரை தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, இந்தப் பெண்களுக்கு என்ன, தண்ணீர் இல்லையா என்று தண்டலைக் கேட்டார். அண்ணன், உடம்பு சுகமில்லை என்று இழுத்தார். காத்தாயி நேராக மலாயிலேயே பதில் சொல்லிவிட்டாள்.

"தண்ணி இருக்குங்க துரை. குடிக்கத்தான் ஆளில்ல."

மலாய்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். துரைக்கு விளங்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்ல விளக்கினார். மேல் லயம், கீழ் லயம், இரண்டு குழாய், இரண்டு தகரம். துரை என்னைப் பார்த்தார். "அதற்கா அந்த இரண்டு தகரம்?" என்று கேட்டார். கோபமே இல்லை. தான் பாராட்டியதை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போன மாதிரி இருந்தது அந்தக் குரல். தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, இனிமேல் சுமைக்காரர்களுக்குக் காத்தாயிதான் தலைவி என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மத்தியானம் நிஜமான மழை இறங்கியது. அன்றைக்கே கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். கயிற்றுப் பாறையில் என்னைக் கட்டி இறக்கினார்கள். மழையிலும் ஊற்றிலும் குடித்ததெல்லாம் எனக்கு வாந்தியாகவே போயிற்று. மழை விட்ட பிறகு, பாதி வழியில் நான் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். தலைவி என்பதால் கடைசியாக வந்தவள் காத்தாயி. முதுகிலிருந்து கூடையை இறக்கித் தகரத்தை எடுத்தாள்.

"கையேந்து, மாரியாயி."

இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக் குனிந்தேன். அவள் நின்றுகொண்டு, தகரம் என் மேல் படாமல், மேலிருந்து ஊற்றினாள். நாங்கள் எப்படி ஊற்றுவோமோ அப்படியே ஊற்றினாள். மூச்சு முட்டக் குடித்தேன். போதும் என்று நான் தலையை ஆட்டுகிறவரை நிறுத்தவில்லை. என் கையைப் பிடித்து எழுப்பி, அடிவாரம்வரை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தாள்.

லயத்தில் யாருக்கும் இது தெரியாது. குழாயடியில் நான் என் பக்கம் நின்றேன், அவள் அவள் பக்கம் நின்றாள். தலைவிப் பதவி போனதற்கு உடம்பு சரியில்லாததுதான் காரணம் என்று பெருமாள் அண்ணன் எல்லாரிடமும் சொல்லி வைத்தார்.

மாசியில் வானம் வெளுத்ததும் துரை மறுபடியும் வந்தார். பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்களைப் பேர் கூப்பிடுகிற இடத்தில், இரண்டு லயமும் கூடி நின்றது. பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரியாத நேரம். எல்லாருக்கும் அந்த வேலை வேண்டும். எனக்கும் வேண்டும். காத்தாயி முன்னால் வந்து நின்றாள்.

"இந்தத் தடவ ஒரே தகரந்தான். நான் மொண்டு வர்ற தண்ணியக் குடிக்கிறவங்க மட்டும் வாங்க. குடிக்க முடியாதவங்க வீட்டுல இருந்துக்குங்க. நடுவழியில வுழுந்து கெடந்தா தூக்க என்னால ஆவாது."

கீழ் லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் நகர்ந்து போய் நின்றார்கள். எங்கள் பக்கம் ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் போனால் இன்னும் நாலு பேர் வருவார்கள். என் மாமியார் எனக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

காத்தாயி என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். குத்தலாகக் கூப்பிடவில்லை, சினேகமாகத்தான் கூப்பிட்டாள். "வா மாரியாயி. நீதான் முன்னயே குடிச்சிட்டியே."

"ஒன் தண்ணிய நான் எங்கடி குடிச்சேன்?" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன். "ஆளப் பாத்துப் பேசு."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கோபப்படுவாள், சத்தியம் செய்யச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"சரிங்கம்மா" என்றாள்.

பிறகு கூடையை முதுகில் ஏற்றி, வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, தன் ஆட்களோடு கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை. நாங்கள் இளங்கன்றுகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தோம். மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் மினுக்கியது, நின்றது, மறுபடியும் மினுக்கியது. பானாங் மலைக்குப் பதில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெண்கள் சங்கோல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"அக்கா, யாருக்கா அது அங்க?" என்று பவுனு கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்" என்றேன். குனிந்து மண்ணைக் கொத்தினேன்.